எலிகள் இடது கதவுக்குப் போன வெள்ளிக்கிழமை

1934 மார்ச் 9, வெள்ளிக்கிழமை. பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நடந்ததைச் சொல்கிறேன், நம்புவது உங்கள் விருப்பம். அன்றும் வழக்கம்போல் தலைக்கு எண்ணெய் தொடாமல் குளித்து, முந்தின நாள் வாங்கிய புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு நடந்தேன்.

எலிகளைப் பழக்குவது என் வேலை. சாம்பிராணி மணந்தால் இடது கதவுக்குப் பின்னால் தீனி இருக்கும், மணக்காவிட்டால் வலது கதவுக்குப் பின்னால். மாதக்கணக்கில் பழகிய எலிகள், தவறுவதே இல்லை. அதனால் வீட்டிலிருந்து அந்த வாசனையை உடம்பில் சுமந்து வரக்கூடாது என்பது ஆய்வுக்கூடத்தை நடத்திய டாக்டரின் கண்டிப்பு. என் மனைவி காமாட்சியோ வெள்ளிதோறும் வீடெல்லாம் சாம்பிராணி காட்டுபவள். "எலிக்காக வெள்ளிக்கிழமைய விடணுமாங்க? சரி, உங்க எலி நல்லா இருக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே தூபக்காலைப் பரணில் ஏற்றினாள். அதற்கு முந்தைய ஐப்பசியில் காய்ச்சலில் போய்விட்டாள். தூபக்கால் பரணிலேயே கிடந்தது.

அன்று சாம்பிராணி வைக்காத சோதனை. எலிகள் எல்லாமே இடது கதவுக்கு ஓடின. டாக்டர் யாழ்ப்பாணத்தார், முன்கோபி.

"நீர் சாம்பிராணி போட்டிட்டு வந்தனீரோ?"

"வீட்டுல போட ஆளே இல்லைங்க, டாக்டர்."

காலரை முகர்ந்து பார்த்தார். புதுத்துணிக் கஞ்சி வாசனைதான். என்னை வெளியே நிறுத்தினார். எலிகள் வலது பக்கம் போயின. உள்ளே வந்தேன், இடது. குழாயடியில் குளிக்கவைத்து, வெந்நீரில் அவித்த அங்கியை மாட்டிவிட்டார். அப்போதும் இடதுதான். ஓடுமுன் ஒவ்வொரு எலியும் நின்று, என்னை நோக்கி அல்ல, என் தோளுக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தை நோக்கி மூக்கை உயர்த்தியது.

"நாளைக்கும் இப்பிடியெண்டால் வேறை ஆளைத்தான் பாக்க வேணும்" என்றார் டாக்டர். எங்கும் ஆட்குறைப்பு நடந்த காலம் அது. போனால் வேறு வேலை கிடைக்காது.

கூண்டு கழுவும் பெருமாள் வாசலில் மெல்லச் சொன்னார்: "அதுங்க பொய் சொல்லாதுங்க ஐயா. உங்க வீட்டம்மாவுக்கு ஏதோ குறை இருக்கு."



மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாகத் தூபக்காலை இறக்கித் தணல் போட்டேன். வேலை போனாலும் போகட்டும் என்று வீடெல்லாம் சாம்பிராணி காட்டி, அதே சட்டையோடு போனேன். வழியெல்லாம் சட்டையின் புகைநெடி எனக்கே மூச்சை அடைத்தது. டாக்டர் காலரை முகர்ந்தார்.

"ம், இண்டைக்கு ஒரு மணமுமில்லை."

எலிகள் என் தோள் பக்கம் மூக்கை உயர்த்தாமலே ஒவ்வொன்றாக வலது கதவுக்குப் போயின.