பள்ளத்தில் கிடந்த பந்து

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இத்தகைய நினைவு மலர்களில், மறைந்தவர் காட்டிய வழியில் குடும்பம் ஒற்றுமையாக நடப்பதாக எழுதுவது வழக்கம். மூத்த மகளான நான் அப்படி எழுதினால், இதைக் கையில் வாங்கும் உங்களுக்கே சிரிப்பு வரும். நானும் தம்பியும் பல மாதங்களாகச் சரியாகப் பேசிக்கொள்வதில்லை என்பது ஊரறிந்த விஷயம்.

அப்பா பிறந்தது எங்கள் மலையில், திருப்புலி நாடு என்ற ஊர்த்தொகுதியில். சிறுவயதிலேயே தாய் தகப்பனை இழந்து, பக்கத்துத் திண்ணனூர் நாட்டில் மாமன் வீட்டில் வளர்ந்தார். மிளகு பறித்தார், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி சுமந்தார். குமரிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த சுகாதார ஆய்வாளர் ஒருவர்தான் அவருக்குக் கால்பந்தைப் பழக்கிவிட்டார். அவர் மாற்றலாகிப் போனபோது பந்தை அப்பாவிடம் விட்டுப் போனார். மேட்டுக்காட்டுக் கால்பந்துக் குழு பிறந்த கதை அவ்வளவுதான்.

மலையில் சமதரை ஏது? அப்பா தன் பங்குக்கு வந்த காட்டையே வெட்டிச் சமன் செய்து மைதானமாக்கினார். "கெழங்கு போட்டா சோறு கெடைக்கும். பந்து போட்டா என்னத்தங்க கெடைக்கும்?" என்று அம்மா சண்டை போட்டார். அறுவடைக் காலத்தில் அங்கே சாமை காயப் போடலாம் என்று அப்பா விட்டுக் கொடுத்ததால் சண்டை ஓய்ந்தது. ஓய்ந்ததே தவிர, முடியவில்லை.

மைதானத்தின் கீழ்ப்புறம் பெரும் பள்ளம். பந்து அதில் விழுந்தால் எடுத்துவர அரைப் பொழுது போய்விடும். அதனால் குழுவுக்கு ஒரே சட்டம்: அடித்தவன்தான் இறங்க வேண்டும். யாராயிருந்தாலும் சரி. இதனால் எங்கள் ஆட்கள் பந்தை உயரத் தூக்கி அடிப்பதையே மறந்தார்கள். புல்லோடு புல்லாக உருட்டி ஆடுவார்கள். அடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்காரர்கள் எங்களை "உருட்டுக் கோஷ்டி" என்று கேலி செய்வார்கள். ஆனால் தோற்றுவிட்டுத்தான் கேலி செய்வார்கள்.

ஒரே ஒரு முறை கேலி பலித்தது. சேந்தமங்கலத்தில் இறுதியாட்டம். கடைசி நிமிடங்களில் எங்கள் கோலுக்கு முன்னால் பந்து தம்பியின் காலுக்கு வந்தது. "தூக்கி அடிடா!" என்று கூட்டமே கத்தியது. அங்கே பள்ளமும் இல்லை, பாறையும் இல்லை. ஆனாலும் பழகிய கால் தூக்கவில்லை. பந்தை உருட்டப் பார்த்தான்; எதிராளி பறித்துக் கோலுக்குள் தள்ளிவிட்டான். பஸ்ஸில் மலை ஏறும்போது எல்லோரும் ஏதோ சொன்னார்கள். அப்பா மட்டும் நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. தம்பியை அதுதான் அறுத்தது. நாமக்கல்லில் லாரிப் பட்டறை வேலைக்குப் போனவன், அதன்பின் மைதானத்தில் கால் வைக்கவில்லை.

போன ஆண்டு மழை விட்ட ஒரு மாலை. ஆட்டம் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்த அப்பாவின் காலே பந்தைப் பள்ளத்துக்கு அனுப்பிவிட்டது. குழுத் தலைவன் வெள்ளையன், "நீங்க இருங்க, நான் எடுத்தாறேன்" என்றிருக்கிறான். "நான் அடிச்சது கண்ணு, நானே போறேன்" என்று இறங்கினார். ஈரப் பாறை வழுக்கிவிட்டது.

இடுப்பெலும்பு முறிந்து, அதன்பின் அவர் எழுந்திருக்கவே இல்லை. படுக்கையில் கிடந்தபடி, "பந்து மேல வந்துருச்சா?" என்று கேட்பார்.

அவர் போன பிறகும் பந்து வரவில்லை. குழுவும் ஆடவில்லை. வேறு பந்து வாங்கி ஆடுங்களேன் என்று கேட்டேன். "அவரு அடிச்ச பந்து கீழ கெடக்கையில நாங்க எப்படிங்க வேற பந்த உருட்டுறது? நாங்க எறங்கி எடுத்தாலும் அவரு தோத்த மாதிரி ஆயிருங்க" என்றான் வெள்ளையன். எனக்கு எரிச்சல் வந்தது. தம்பிக்குக் கோபமே வந்தது. "அப்பாவக் கொன்ன எடம்க்கா அது. சில்வர் ஓக் நட்டு மொளகுக் கொடி ஏத்தப் போறேன்" என்றான். கூடாது என்று நான் மல்லுக்கு நின்றேன்; எங்கள் பேச்சு நின்றது அன்றுதான்.

சென்ற வாரம் நாற்றுகளோடும் கடப்பாரையோடும் வந்தான். நடு மைதானத்தில் முதல் குழியை வெட்டினான். குழுவினர் ஓரமாக நின்று பார்த்தார்கள், ஒருவரும் தடுக்கவில்லை. அப்போது அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்தை நோக்கி நடந்தார்.

"எங்கம்மா போற?"

"உங்கப்பன் பாதியில உட்டுட்டுப் போன வேல. நீ குழிய வெட்டு சாமி, நான் எடுத்துட்டு வாரேன்."

தம்பி கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடினான். அம்மாவைத் தாண்டி இறங்கினான். அவன் ஏறி வரும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. காற்றுப் போய்த் தோல் உரிந்த பந்தை அம்மா கையில் கொடுத்தான். "அன்னிக்குப் பஸ்ஸுல அப்பா ஒரு வார்த்த திட்டியிருக்கலாமேம்மா" என்று சொல்லிவிட்டு, சிறுபிள்ளையைப் போல அழுதான். அம்மா பந்தில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தார். அப்பா இருந்திருந்தாலும் அதற்குப் பதில் சொல்லியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அப்பாவைத் தூளி கட்டித் தூக்கி ரோடு சேர்த்த குழுவினருக்கும், மருத்துவமனையில் முறை வைத்து உடனிருந்த பங்காளிகளுக்கும், அம்மாவைத் தனியே விடாத அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. தம்பி, பந்தை எடுத்து வந்ததற்கு உனக்கும் நன்றி.

நாற்றுகள் இன்னும் எங்கள் வாசலில் இருக்கின்றன. அவன் நடவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. பழைய பந்து மேலே வந்துவிட்டதால், குழு வேறு பந்தோடு மறுபடி ஆடத் தொடங்கிவிட்டது. நடுவில் உள்ள குழியை மூடிவிட்டு ஆடக் கூடாதா என்று வெள்ளையனைக் கேட்டேன்.

"வெட்டுனவருதானுங்க மூடோணும்" என்றான். அதுவரை குழியைச் சுற்றியே பந்தை உருட்டுகிறார்கள்.