தண்ணி காட்டும் வேலை

இண்டூர்ப் பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் வைப்பதைத் ‘தண்ணி காட்டறது’ என்பார்கள். ஆளை ஏமாற்றிவிட்டு நழுவுவதற்கும் அதே பேச்சுதான். டிரைவர் மாது பார்க்கிற வேலைக்கும் ஊர் இந்தப் பெயரையே வைத்துவிட்டது. ஜல்லி கிரஷருக்குப் போகும் மண் ரோட்டில் புழுதி அடங்கத் தண்ணீர் அடிக்கும் லாரியை அவர்தான் ஓட்டுகிறார். “ரோட்டுக்குத் தண்ணி காட்டப் போறியா மாது?” என்று டீக்கடையில் கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே போவார்.

கேலி பேசலாமே தவிர, வேலை லேசுப்பட்டதல்ல. காய்ந்த ரோட்டில் ஒரு டிப்பர் போனால் பின்னால் வருகிறவனுக்கு ரோடும் தெரியாது, ஊரும் தெரியாது. வாசலில் காயும் கேழ்வரகு, கொடியில் கிடக்கும் துணி, குழந்தையின் மூக்கு எல்லாம் ஒரே சாம்பல் நிறம். ஊர் திரண்டு லாரிகளை மறித்த பிறகுதான் கம்பெனி வழிக்கு வந்தது. மெஷினைத் தகரம் போட்டு மூடினார்கள். லோடு லாரிக்குத் தார்ப்பாய் கட்டாயம் என்றார்கள். ரோட்டுக்குத் தண்ணீர் வந்தது.

அதை அடிப்பதில் மாதுவுக்குத் தனிப் பிடிவாதம் உண்டு. நிறைய ஊற்றினால் சேறாகி, டயரில் ஒட்டி, காய்ந்து, மறுபடியும் புழுதிதான். மண் கறுக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. பின்பக்க வால்விலிருந்து கேபின் வரை ஒரு நைலான் கயிறு கட்டியிருந்தார். இழுத்தால் தண்ணீர் வரும், விட்டால் நின்றுவிடும்.

அவருக்கு முன் ஓட்டியவர் மச்சான் வீட்டுத் தொட்டியில் தண்ணீர் இறக்கிக் கொடுத்து வேலையை இழந்தவர். அதனால் மேனேஜர் குமார், ரோட்டுத் தண்ணீர் யார் கொல்லைக்கும் போகக் கூடாது என்று மாதுவைச் சேர்க்கும்போதே சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு பசுமரத்தாணியாகப் பதிந்தது. ஏனென்றால் மாதுவின் கொல்லை நிலமே அந்த ரோட்டை ஒட்டித்தான் இருந்தது. அவர் மனைவி தீர்த்தம்மாள் அதில் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறாள்.

அந்த இடம் வந்தால் மாதுவின் கை தானாகக் கயிற்றை விட்டுவிடும். பின்னாலேயே டிப்பர் ஓட்டி வருகிற கோவிந்தன் வாயில் ஒரு சேதி விழுந்தால் ஊருக்கே தண்டோரா. ‘சொந்தக் கொல்லைக்குப் பாய்ச்சிக்கிறான்’ என்று அவன் சொன்னால் வேலையும் போச்சு, மானமும் போச்சு. மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். மாதுவுக்கு மடியில் கனமே இல்லை, வழியெல்லாம் பயம். ஊரார் கொல்லையோரம் முழுக்க ஈரம், தன் கொல்லையோரம் மட்டும் பொடி பறந்தது.

மழைக்காலத்தில் ஒன்றும் தெரியவில்லை. பங்குனி வெயிலில் வினை வந்து சேர்ந்தது. புழுக்கள் நாலாம் முறை தோல் உரித்துக் கடைசிப் பசியில் இருந்தன. இந்த நாட்களில் வயிறு நிறையத் தின்றால்தான் கூடு கட்டும். அவை தின்னும்போது புழு வளர்க்கும் ஷெட்டுக்குள் தூறல் விழுகிற மாதிரி சத்தம் கேட்கும். அன்று தீர்த்தம்மாள் உள்ளே போனபோது சத்தமே இல்லை. மாவு தூவினாற்போல் இலையெல்லாம் தூசி. புழுக்கள் தலையைத் தூக்கிக்கொண்டு சும்மா கிடந்தன. கழுவிப் போடலாமென்றால் ஈர இலை புழுவுக்கு நோயைக் கொண்டுவரும். முந்தானையால் ஒவ்வோர் இலையாகத் துடைத்துப் போட்டாள். அப்படியும் இரண்டு தட்டுப் புழுக்கள் செத்துப்போயின.

இலை வெட்டக் கொல்லைக்குப் போனவள் தண்ணி லாரி வருவதைப் பார்த்து நின்றாள். நனைந்துகொண்டே வந்த ரோடு, அவள் கொல்லை தொடங்கும் இடத்தில் கோடு கிழித்தாற்போல் காய்ந்தது. கொல்லை முடிந்ததும் மறுபடி நனைந்தது.

மதியம் சோற்றுக்கு வந்தவரிடம் அவள் சத்தம் போடவில்லை.

“ஊரு ரோட்டுக்கெல்லாம் தண்ணி காட்டுனீங்க. எனக்கும் தண்ணி காட்டிட்டீங்களே,” என்றாள்.

கோவிந்தன் வாயைப் பற்றியும் பழைய டிரைவரைப் பற்றியும் மாது விளக்கிப் பார்த்தார். அவள் கேட்டுவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டாள். சோறு அடுப்பில் இருந்தது. போட்டுக்கொள்ளுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. டீக்கடையில் நூறு தடவை கேட்டுச் சிரித்த வார்த்தைதான், அன்று அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பிடாமலே எழுந்து போனார்.

அடுத்த நடையில் தன் கொல்லை வந்தபோது கயிற்றை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கண்ணாடியில் கோவிந்தன் வண்டி தெரிந்தது. கிரஷரில் நிறுத்தியதும் அவன் நேரே இவரிடம்தான் வந்தான்.

“என்னா மாது, வால்வு ரிப்பேர் பண்ணிட்டியா? அந்த எடத்துல மட்டும் தண்ணி வராம, புழுதி குடிச்சுக் குடிச்சு எனக்கு இருமலே வந்துடுச்சு.”

மாதுவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை நாள் யாருக்குப் பயந்து செத்தாரோ, அவன் அது யார் கொல்லை என்றுகூட நினைத்துப் பார்க்கவில்லை. அதே சூட்டில் குமாரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். ரோடு என்றால் முழு ரோடும்தான், இதைக் கேட்கவா வந்தீர்கள் என்று அவர் போனைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

செத்த புழு செத்ததுதான். மிச்சத்துக்கு, தூசி எட்டாத உள்வரிசைச் செடிகளிலிருந்து தீர்த்தம்மாள் இலை வெட்டிப் போட்டாள். மாது தானே போட்டுச் சாப்பிட்டார்.

இரண்டு நாள் போனது. அன்று சாயங்காலம் மாது காலைக் கழுவிக்கொண்டு, வீட்டுக்குள் போகாமல் ஷெட்டு வாசலில் நின்று காதைக் கொடுத்தார். உள்ளே தூறல் விழுந்துகொண்டிருந்தது. தீர்த்தம்மாள் இலைக்குச்சிகளைப் பரப்பிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“தின்னுதுங்க,” என்றாள். பிறகு கையை உதறிக்கொண்டு எழுந்தாள். “நீங்களும் வந்து தின்னுங்க.”