அண்ணன் விழுங்காத மாத்திரைகள்

ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘காலிக்கட்டம்’. நோயாளிகளின் விவரமெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கும்; ஆளுக்கு ஒரு வரிசை, கேள்விக்கு ஒரு கட்டம். எங்காவது ஒரு கட்டம் காலியாக இருந்துவிட்டால் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. நர்ஸை விரட்டுவாள். டாக்டரின் அறை வாசலில் ஒற்றைக் காலில் நிற்பாள்.

"எடை பார்க்கலையா? பார்க்கலைன்னா 999 போடுங்க. சும்மா விட்டா, மறந்தீங்களா, மெஷின் கெட்டுப்போச்சா, அந்த ஆள் வரவே இல்லையா, எனக்கு எப்படித் தெரியும்?"

999 என்றால் ‘தெரியாது’ என்று அர்த்தம். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் அவளுக்கு வெட்கமே கிடையாது. பூசி மெழுகுவதுதான் ஆகாது. புதிதாக வந்த டாக்டர் ஒருவர் அந்த 999-களையும் சேர்த்துச் சராசரி போட்டதில், நோயாளிகள் எல்லாரும் எருமை எடைக்கு வந்து நின்றார்கள். அறையே விழுந்து விழுந்து சிரித்தது. அவள் மட்டும் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, "மறுபடி போடுங்க சார்" என்றாள்.

ஒருமுறை மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கான ஆராய்ச்சி அது. வழக்கமான மருந்துகளோடு கூடுதலாக ஒரு புது மாத்திரை. பாதிப் பேருக்கு நிஜமானது. மீதிப் பேருக்கு அதே அளவில், அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்பது குலுக்கலில் விழுந்தது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதால் கொடுக்கிற டாக்டருக்கும் சொல்வதில்லை, வாங்குகிறவருக்கும் சொல்வதில்லை, அவளுக்கும் சொல்வதில்லை. விவரங்களைச் சரிபார்த்து, இனி யாரும் கைவைக்க முடியாதபடி பூட்டிய பிறகுதான் குலுக்கல் முடிவைத் திறப்பார்கள்.

அவளுடைய அண்ணனும் அதில் சேர்ந்திருந்தான். பஸ் டிரைவர். மாரடைப்பிலிருந்து எழுந்த கையோடு, தங்கை சொன்னாள் என்பதற்காகச் சேர்ந்தவன். மாத்திரை என்றாலே காத தூரம் ஓடுகிற ஆள், ஆனால் வரச் சொன்ன நாளில் டாண் என்று வந்து நின்று, காலி அட்டைகளை மேஜையில் கடை பரப்புவான்.

"எண்ணிக்கோம்மா. ஒண்ணுகூட பாக்கியில்ல."

நர்ஸ் எண்ணிப் பார்த்து ‘முழுதும் சாப்பிட்டார்’ என்று பதிவு செய்வாள். அண்ணனின் வரிசையில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருந்ததில்லை. அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஆராய்ச்சி முடியப் போகிற சமயத்தில், காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன் அப்படியே தட்டின் மேல் சரிந்து போய்விட்டான். அவள் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று காதுபடவே பேசினார்கள். பேசட்டும், அவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசி உடம்பு முழுக்கப் பரவிவிட்ட மாதிரி இருந்தது. வேலைக்குத் திரும்பினாள். அண்ணனின் வரிசையைத் திறந்து, கடைசிக் கட்டத்தில் இறப்புக்கான எண்ணை அடித்தாள். அடுத்த ஆளின் வரிசைக்குப் போனாள்.

பிறகு ஒருநாள் அண்ணி கூப்பிட்டு அனுப்பினாள். போனதும் ஒரு பிஸ்கட் டப்பாவை மேஜையில் கவிழ்த்தாள். வெள்ளை மாத்திரைகள் நாலாபக்கமும் உருண்டன.

"டூல்ஸ் பெட்டிக்கு அடியில இருந்துச்சு. மத்த மாத்திரையெல்லாம் நான் பக்கத்துல நின்னு குடுப்பேன். இதை மட்டும், தங்கச்சி குடுத்தது, நானே பார்த்துக்கறேன்னு சொல்லுவார். ஒண்ணுகூட முழுங்கலை."

"அப்புறம் எதுக்கு ஒரு தடவைகூட விடாம அங்க வந்தான்?"

"லீவு போட்டுட்டு அவ்வளவு தூரம் போகணுமா, விட்டுடுங்களேன்னு நானும் கேட்டேன். நான் நின்னுட்டா அவளுக்குக் கட்டம் காலியாயிடும், பாவம், சோறு இறங்காதுன்னார்."

அவள் மாத்திரைகளைப் பொறுக்கி டப்பாவில் போட ஆரம்பித்தாள். அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணியின் மணிக்கட்டு எலும்பாகியிருந்தது.

"ஒரே வீட்ல இருந்துக்கிட்டு என் காதுல பூ சுத்தியிருக்கார், எனக்குத் தெரியலை. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. இது நிஜ மாத்திரையா, மாவா? முழுங்கியிருந்தா இருந்திருப்பாரா?"

"இப்பத் தெரியாது அண்ணி. பூட்டினப்புறம்தான் தெரியும்."

மறுநாள் டப்பாவைக் கொண்டுபோய்ப் புள்ளியியல்காரர் முன்னால் வைத்தாள். "எங்க அண்ணன் சாப்பிடவே இல்லை சார். அந்தக் கட்டத்தைத் திருத்தணும்."

அவர் டப்பாவைத் திறந்து பார்த்து மூடினார். "உயிரோட இருக்கறவங்க வீட்ல எத்தனை டப்பா இருக்கோ, யார் பார்த்தா? செத்தவங்க வீட்டை மட்டும் துழாவித் திருத்தினா, மாத்திரை சாப்பிட்டவங்க யாரும் சாகறதே இல்லைன்னு ஆயிடும்மா."

"அப்ப பொய்யாவே இருக்கட்டுமா?"

"டப்பா கிடைச்சதைத் தனிக் குறிப்பா எழுதி வைங்க. நர்ஸ் எண்ணினது காலி அட்டையை, அது அப்படியே இருக்கட்டும். குலுக்கல்ல எந்தப் பக்கம் விழுந்தாரோ, சாப்பிட்டாலும் சாப்பிடலைன்னாலும் அந்தப் பக்கத்துலதான் எண்ணுவோம். வெளியில மருந்து வாங்கறவங்க மட்டும் ஒழுங்கா முழுங்கறாங்களா என்ன?"

அவளுக்குத் தெரியாத விதி இல்லை. ஊருக்கெல்லாம் அவளே சொல்லிக்கொண்டிருந்ததுதான். குறிப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பூட்டினார்கள். திறந்தார்கள். அண்ணனின் எண்ணுக்கு நேரே ‘மருந்து’ என்று இருந்தது.

மருந்துப் பக்கத்தில் சாவு குறைந்திருந்தது. பிரமாதமாக இல்லை, ஆனால் ஏதோ தற்செயல் என்று தள்ளிவிடவும் முடியாத குறைவு. பெரிய டாக்டர் கேக் வெட்டினார். அவளும் ஒரு துண்டு தின்றாள். விழுங்கியிருந்தால் அண்ணன் இருந்திருப்பானா? அதை எந்தக் கணக்கும் சொல்லாது. அவனைப் போல ஆயிரம் பேரில் எத்தனை பேர் கூடுதலாகப் பிழைப்பார்கள் என்று சொல்லும், அதில் அண்ணன் ஒருத்தனா என்று சொல்லாது. நேர்மையான பதில் 999தான்.

அதைத்தான் சொல்வது என்று பஸ்ஸில் வழி நெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நிஜ மாத்திரைதான் அண்ணி, ஆனா காப்பாத்தியிருக்குமான்னு யாராலயும் சொல்ல முடியாது.

அண்ணி வாசல் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை.

"திறந்தாச்சா?"

"ஆச்சு."

"என்ன?"

"மாவு, அண்ணி. வெறும் மாவு. முழுங்கியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது."

அண்ணி கதவை விட்டாள். "பாரேன் அந்த மனுஷனை" என்றாள். "மாவைப் போய் ஒளிச்சு வெச்சிருக்கார்." சிரிக்க ஆரம்பித்துச் சிரிப்பிலேயே அழுதாள். அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.

அண்ணி இரண்டாம் முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். அண்ணன் போனதிலிருந்து அப்படிச் சாப்பிட்டவளில்லை. அண்ணன் உட்காரும் நாற்காலி எதிரில் காலியாக இருந்தது. அவள் ஒரு வாய் எடுத்து வைத்தாள். இறங்கவில்லை.