கங்காணியின் கால்

மா விங்கும் நானும் ஒரே கூடாரத்தில் மூன்று வருஷம் படுத்தவர்கள். ரயில் பாதை போடச் சீனாவிலிருந்து கடல் தாண்டி அவன் அமெரிக்கா வந்தது, அண்ணன் கெங் இருந்ததை நம்பி.

சியரா மலையைக் குடைந்துகொண்டிருந்தபோது பாறையில் வைத்த வெடி ஒன்று வெடிக்கவில்லை. கங்காணி டோனலி, கெங்கைப் போய்த் தோண்டிப் பார்க்கச் சொன்னான். கெங் தயங்கினான். டோனலி கடப்பாரையால் முதுகில் குத்தித் தள்ளினான். வெடி அப்போது வெடித்தது. கெங்கின் உடல் பனி மூடிய பள்ளத்தாக்கில் சிதறி விழுந்தது.

எங்கள் சீன வழக்கப்படி செத்தவனின் எலும்பைப் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பியாக வேண்டும். பனி உருகியதும் விங் பத்து நாள் பள்ளத்தாக்கில் தேடினான். தொப்பி மட்டும் கிடைத்தது; மற்றதை நரிகள் இழுத்துப் போயிருந்தன.

பிறகு அவனே கேட்டு டோனலியின் ஆட்களோடு சேர்ந்துகொண்டான். இரண்டு வருஷம் தலை நிமிராமல் உழைத்தான். டோனலிக்கு டீயும் ஊற்றிக் கொடுத்தான்.

"அண்ணனக் கொன்னவனுக்கு டீ ஊத்துறியே, நீ சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?" என்று சமையல்கார ஃபூ கேட்டார்.

"அவன் என்னை நம்பணும் அண்ணே" என்றான் விங்.

மே மாதம், யூட்டா மேட்டில், கிழக்கிலிருந்து வந்த பாதையும் எங்கள் பாதையும் சந்தித்தன. துரைமார், பேண்டு வாத்தியம், சாராயம். கடைசித் தண்டவாளத்தைத் தூக்க டோனலி பொறுக்கிய எட்டுப் பேரில் நாங்கள் இருவரும் இருந்தோம். டோனலி புது பூட்ஸ் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்று, இறக்கச் சொல்லிக் கை காட்டினான். தண்டவாளத்தைக் கவ்வியிருந்த தன் இடுக்கியை விங் ஒரு முழம் அவன் பக்கமாகத் திருப்பி, விட்டுவிட்டான். தண்டவாளம் டோனலியின் கால்மேல் விழுந்தது.

அன்று மதியமே டாக்டர் நசுங்கிய அந்தக் காலை வெட்டி எடுத்தார். விங் வேண்டுமென்றே செய்ததாக டோனலி கத்தினான். தினமும் டீ கொடுப்பவனா செய்வான் என்று துரைமார் சிரித்தார்கள். வெட்டிய காலைப் புதைக்கச் சொல்லி விங்கிடமே கொடுத்தார்கள். அவன் அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போய், நரி திரியும் புதர்க்காட்டில் உதறினான். திரும்பி வந்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து டோனலியின் கட்டிலருகே குனிந்தான்.

"புதைக்கல தொர. நரிக்குப் போட்டேன். எங்க அண்ணனும் அப்படித்தான் போனான்."

டோனலி முகத்தைத் திருப்பிக்கொண்டானாம்; விங்தான் என்னிடம் சொன்னான்.

பின்னால் விங் நெவாடாவில் சலவைக்கடை வைத்தான். நாலு ஸ்டேஷன் தள்ளி, கட்டைக்காலோடு டோனலி ரயில்வே கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். வருஷம் ஒருமுறை விங் ரயிலேறிப் போய், அந்தக் கேட்டுக்கு எதிரே அரை நாள் உட்கார்ந்து, அவன் நொண்டுவதைப் பார்த்துவிட்டு வருவான்.

இன்னுமா ஆறவில்லை என்று ஒருநாள் கேட்டேன்.

"ரெண்டு காலும் போயிருக்கணும்" என்றான், சட்டையைத் தேய்த்தபடியே.