தங்கச்சியின் பெயர்ச் சந்தை

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: என் தங்கச்சி. அவளோடு சேர்ந்து தொழில் தொடங்கிய பெண், நீடாமங்கலத்துக்காரி. அந்தப் பெண்ணின் அப்பா, நெல் விவசாயி, மகளுக்குத் துணையாக ரயிலில் வந்தவர். என் மனைவி. நான்.

தஞ்சாவூரில் ஒரு மாடி வீடு. தங்கச்சி வாடகைக்கு எடுத்தது. காலை பதினோரு மணி இருக்கும். மேசை மேல் லேப்டாப் இருந்தது. அவள் எங்களை வரச் சொன்னது விருந்துக்கு இல்லை. குறை சொல்வதற்கு.

நான் கடற்கரை ஊர்க்காரன். மீன் ஏலம் விடுகிறவன். விசைப்படகு கரைக்கு வரும் நாளில் காலையில் வேலை. மற்ற நாள் சும்மா. ஆறாம் வகுப்போடு நின்றவன். தங்கச்சி கம்ப்யூட்டர் படித்தாள். சென்னையில் ஒரு கம்பெனியில் ஏழு வருடம் இருந்தாள். போன வருடம் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கினாள்.

இது என்ன தொழில் என்று எனக்கு மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை புரிந்தது. இன்டர்நெட்டில் கடை வைக்க ஒரு பெயர் வேண்டும். ஒரு பெயரை ஒருத்தர்தான் வைத்துக்கொள்ளலாம். முன்னாலேயே நல்ல பெயராக வாங்கி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெயர் வேண்டும் என்று தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் வந்து சேர ஒரு சந்தை. அதுதான் அவளுடைய வெப்சைட். சில பெயருக்கு விலை எழுதியிருக்கும். சில பெயர் ஏலத்தில் போகும். ஏலம் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவள் பழைய கம்பெனி ஒரு கடிதம் போட்டிருந்தது. இந்த மாதக் கடைசிக்குள் வந்தால் அதே இடம், அதே சம்பளம். அதற்கு மேல் இல்லை. அவள் தனக்கு ஒரு கணக்கு வைத்திருந்தாள். முகம் தெரியாத ஆட்கள் வந்து, அவள் சைட்டில் ஒரே ஒரு பெயரை ஏலம் கேட்டு முடிக்க வேண்டும். முடிந்தால் இங்கே இருப்பாள். இல்லையென்றால் சென்னைக்கு ரயில் ஏறுவாள்.

“நல்லாருக்குன்னு யாரும் சொல்லக் கூடாது. நல்லாருந்தா பேசாம இருங்க. இல்லாததை மட்டும் சொல்லுங்க” என்றாள். ஒரு கோடு போட்ட நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

எல்லாரும் அவரவர் போனில் பதிவு செய்து உள்ளே போய்ப் பார்த்தோம். முதலில் பேசியவர் நீடாமங்கலத்து ஐயா. எழுத்து பொடியாக இருக்கிறது என்றார். எழுதிக்கொண்டாள். அப்புறம் ஒரு பெயரைக் காட்டி, இதை விற்கிறவன்தான் இதற்குச் சொந்தக்காரன் என்று எப்படி நம்புவது என்று கேட்டார்.

“ஒரு குழி நெலம் வாங்குறதுன்னாலும் பட்டா பாக்குறோம், சிட்டா பாக்குறோம், வில்லங்கம் போட்டுப் பாக்குறோம். நீ பாட்டுக்குப் பேரை மட்டும் காட்டி வாங்கிக்கன்னா எவன் வாங்குவான்?”

அவர் மகள் குறுக்கே வந்தாள். அதெல்லாம் உள்ளே சரி பார்த்துத்தான் போடுகிறோம் என்றாள். தங்கச்சி அவளைக் கை காட்டி நிறுத்தினாள். “பாக்குறோம். ஆனா பாத்தது வெளிய தெரியல. அப்பா சொல்றது சரிதான்” என்றாள். எழுதினாள். “அப்புறம்?” என்றாள்.

என் மனைவி, எல்லாம் நீலமாக இருக்கிறது, பேங்கில் போய் நின்ற மாதிரி பயமாக இருக்கிறது என்றாள். ஒரு சந்தேகம் வந்தால் கூப்பிட போன் நம்பர் எங்கே என்றாள். தேடினோம். நம்பர் கடைசியில் ஒரு மூலையில் இருந்தது. எழுதினாள். “அப்புறம், அண்ணி?”

ஒரு மணி நேரம் இப்படிப் போனது. ஒரு தடவைகூட அவள் தன் பக்கம் பேசவில்லை. குறை சொன்னால் முகம் சுருங்காத ஆட்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நானே சுருங்குவேன். ஏலத்தில் அவசரப்பட்டு முடித்துவிட்டாய் என்று யாராவது சொன்னால் இரண்டு நாள் அவரோடு பேச மாட்டேன். இவள் எட்டு மாதம் ராப்பகலாக உட்கார்ந்து செய்ததை நாங்கள் ஆளாளுக்குப் பிய்த்துப் போடுகிறோம். இவள் அப்புறம் அப்புறம் என்று கேட்டு வாங்குகிறாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக என்னைக் கேட்டாள். ஏலம் முடிகிற விதம் சரியில்லை என்றேன். கடிகாரத்தில் மூன்று மணி ஆனதும் சைட் அடைத்துவிடுகிறது. ஒருத்தன் கடைசி நொடியில் வந்து கேட்டுவிட்டுப் போனால், முதலிலிருந்து நின்றவன் வாய் திறக்க நேரம் இல்லை. எங்கள் கரையில் ஒரு தரம், ரெண்டு தரம் சொன்ன பிறகு யாராவது கூடக் கேட்டால், திரும்ப ஒரு தரத்திலிருந்து ஆரம்பிப்போம்.

அவள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “இதை நான் யோசிக்கவே இல்லண்ணே” என்றாள். கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் இன்னும் ஐந்து நிமிஷம் நீளும்படி மாற்றச் சொன்னாள். கூட்டாளிப் பெண் மறுவாரமே மாற்றினாள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. அந்தப் பெருமைதான் அடுத்த காரியத்துக்கு இழுத்துக்கொண்டு போனது.

முதல் ஏலம் வந்தது. ஒரு பெயர். விதை நெல் கடைக்குப் பொருந்துகிற பெயர். கூட்டாளிப் பெண் பல வருடம் முன்னால் வாங்கி வைத்திருந்தது. மூன்று நாள் ஏலம். நான் ஊரில் இருந்துகொண்டு போனில் பார்த்தேன். முதல் நாள் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் நாள் காலையில் ஒருத்தர் ஐயாயிரம் என்றார். ஈரோட்டுப் பக்கம் அரிசி வியாபாரி என்று பின்னால் தெரிந்தது. அதற்குப் பிறகு மறுபடி சத்தமே இல்லை.

கூடை முன்னால் ஆள் நிற்கிறது, ஒருத்தனும் பேச மாட்டேன் என்கிறான். அப்படி நின்றால் எனக்குத் தாங்காது. எங்கள் கரையில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஏலக்காரன் பக்கத்தில் அவன் ஆள் ஒருத்தன் நிற்பான். சத்தம் அடங்கினால் அவன் ஒரு விலை சொல்லிக் கிளப்பிவிடுவான். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே மேலே போவார்கள். சூடு பிடித்ததும் அவன் ஒதுங்கிவிடுவான்.

நான் பதிவு செய்து வைத்திருந்தேன் அல்லவா? சைட்டில் கேட்கிறவர் பெயர் தெரியாது, பதிவு நம்பர் மட்டும்தான் தெரியும். ஆறாயிரம் என்று போட்டேன். ஈரோட்டுக்காரர் ஏழு என்றார். நான் ஒன்பது. அவர் பத்து. அப்படியே போனது. எந்த இடத்தில் ஆள் தயங்குகிறார் என்று எனக்குத் தெரியும், இருபது வருடப் பழக்கம். அவர் முப்பத்திரண்டாயிரம் சொல்லும் வரை இழுத்துக்கொண்டு போய் விட்டுவிட்டேன். தங்கச்சிக்கு நல்லது செய்துவிட்டோம் என்று டீக்கடைக்குப் போனேன்.

மறுநாள் காலையில் கரையில் நின்றுகொண்டிருந்தேன். போன் வந்தது.

“அண்ணே, இருபத்தி மூணாம் நம்பர் நீயா?”

“நான்தான்” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

“வேலை முடிஞ்சதும் கெளம்பி வா” என்றாள்.

பஸ் ஏறி மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். கூட்டாளிப் பெண் அழுத முகத்தோடு இருந்தாள். பெயர் அவளுடையது. பணமும் அவளுக்குத்தான் பெரும்பாகம். விட்டுவிடலாம் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னும் மூன்று மணி நேரத்தில் ஏலம் முடிந்துவிடும், வாங்குகிறவர் தன் இஷ்டத்துக்குத்தான் கேட்டார், யாருக்குத் தெரியப் போகிறது என்றாள். மாதக் கடைசிக்குப் பதினோரு நாள்தான் இருக்கிறது என்பதையும் சொன்னாள்.

தங்கச்சி என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை.

“கரையில உன் ஆளு யாருன்னு எல்லாருக்கும் தெரியும்ணே. மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. அதனால அது வெளையாட்டு. இங்க அந்த ஈரோட்டுக்காரருக்கு நீ வெறும் நம்பர். தன்னை மாதிரி ஒரு ஆளு கேக்குறான்னு நம்பித்தான் ஏறி வந்திருக்காரு.”

இருபது வருடமாகச் செய்கிற காரியம். அதில் முகம் தெரிவதுதான் நியாயம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் யோசித்ததில்லை. சரி என்றேன். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

“ஏலத்தை நிறுத்துறேன். கேட்டவங்க, பதிவு பண்ணவங்க எல்லாருக்கும் எழுதுறேன். உன் பேரு போட மாட்டேன். ஆனா என் அண்ணன்னு போடுவேன். போடலாமா?”

“போடு” என்றேன்.

போட்டாள். என் பக்கத்தில் உட்கார்ந்துதான் அடித்தாள். அடித்ததை எனக்குப் படித்துக் காட்டினாள். கூட்டாளிப் பெண் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மூன்று டம்ளரில் டீயோடு வந்தாள். ஒன்று எனக்கு. அவளும் லேசான ஆள் இல்லை.

ஈரோட்டுக்காரர் சும்மா விடவில்லை. சைட்டில் கருத்துச் சொல்கிற இடத்தில் எழுதிவிட்டார். சொந்த ஆளை விட்டு விலை ஏற்றுகிறார்கள், யாரும் உள்ளே வராதீர்கள் என்று. அந்த சைட்டுக்கு வந்த முதல் கருத்து அதுதான்.

அழித்துவிடு என்று நானே சொன்னேன். பொத்தான் அவள் கையில்தான் இருந்தது. அழிக்கவில்லை. அதன் கீழேயே எழுதினாள். இவர் சொல்வது உண்மை. ஏற்றியது என் அண்ணன். முப்பத்திரண்டாயிரம் வரை போனதில் பெரும்பகுதி அவரால் வந்தது. ஏலத்தை ரத்து செய்துவிட்டோம். எங்கள் இரண்டு வீட்டு ஆட்களும் இனி எந்த ஏலத்திலும் கேட்க முடியாதபடி அடைத்துவிட்டோம். அவ்வளவுதான் எழுதினாள். மன்னிப்பு ஒரு வரி. சாக்கு ஒரு வரிகூட இல்லை.

அது யாருக்கும் எடுத்த எடுப்பில் கண்ணில் படும்படி மேலேயே நின்றது. கூட்டாளிப் பெண் கீழே தள்ளிவிடலாமா என்று கேட்டாள். “கடைக்காரன் குறையை மறைச்சா வாங்குறவன் வேற என்னத்த மறைச்சானோன்னு தேடுவான்” என்றாள் தங்கச்சி.

அடைத்ததில் என் மனைவி நம்பரும் போய்விட்டது. “நான் என்ன பண்ணேன்? இவருக்குப் பொண்டாட்டியா இருந்ததுக்குத் தண்டனையா?” என்று நாத்தனாரைக் கேட்டாள். நீடாமங்கலத்து ஐயா போனில் என்னைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, எங்க வயலுக்கு வெலை கேக்க நாலு பேரு வருவானுங்க. நீங்க வந்து பக்கத்துல நில்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்” என்றார். நான் சிரித்துவைத்தேன். வாங்கிக்கொள்ள வேண்டியதை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். அதைத் தங்கச்சியிடம்தான் பார்த்தேன்.

மறுவாரம் அதே பெயரை மறுபடி ஏலத்துக்கு வைத்தாள். இந்தத் தடவை நீடாமங்கலத்து ஐயா கேட்ட மாதிரியே பெயருக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் சரிபார்ப்பு ஒரு பக்கம் இருந்தது. எழுத்து பெரிதாகியிருந்தது. நீலம் குறைந்திருந்தது. மேலே ஈரோட்டுக்காரர் எழுதியதும் இருந்தது.

கடைசி நாள் நான் தஞ்சாவூர் போனேன். கூப்பிட்டது அவள்தான். போனை எடுத்து மேசை மேல் கவிழ்த்து வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருந்தது. அவள் பெட்டி பாதி அடுக்கியபடி கட்டில் மேல் கிடந்தது.

மத்தியானம் வரை ஒருத்தரும் கேட்கவில்லை. ஒரு மணிக்கு முதல் விலை வந்தது. மூவாயிரம். கூட்டாளிப் பெண் நம்பரைப் பார்த்துவிட்டு, ஈரோட்டுக்காரர் என்றாள். தங்கச்சி இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் இன்னொருத்தர் வந்தார். புது நம்பர். எந்த ஊர் என்று தெரியாது. ஐயாயிரம் என்றார். ஈரோட்டுக்காரர் ஏறினார். புதியவர் ஏறினார். நடுவில் மூன்றாவதாக ஒருத்தர் எட்டி நின்று ஒரு விலை சொல்லிவிட்டுப் போய்விட்டார். பதினையாயிரத்தைத் தாண்டியதும் ஈரோட்டுக்காரர் நின்றுவிட்டார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. இன்னும் இரண்டு தடவை கேட்டார். அதற்குப் பிறகுதான் விட்டார். புதியவருக்குப் போனது. ஈரோட்டுக்காரர் எழுதியதை மாற்றவும் இல்லை, எடுக்கவும் இல்லை. இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது.

முகம் தெரியாத மூன்று பேர், தாங்களாகவே வந்து, தாங்களாகவே கேட்டு முடித்த ஏலம். கூட்டாளிப் பெண் அப்பாவுக்குப் போன் போட்டாள். தங்கச்சி கம்பெனிக்கு நாலு வரி எழுதினாள். வரவில்லை, நன்றி என்று. அனுப்பிவிட்டுக் கட்டிலுக்குப் போய்ப் பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் வைக்க ஆரம்பித்தாள்.

நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். படி இறங்கும்போது மனைவி போன் செய்தாள். எவ்வளவுக்குப் போனது என்று கேட்டாள். சொன்னேன்.

பதினெட்டாயிரத்து எழுநூறு.