ஆறப்போட்ட துணி

நாச்சிமுத்துவின் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த டாக்டர் சுற்றிவளைக்கவில்லை. "கம்பெனிய யார்கிட்டயாவது ஒப்படைங்க. அடுத்த தடவை இங்க வந்து சேர நேரமிருக்காது."

அனுப்பர்பாளையத்தில் இருந்த அந்தச் சின்ன பனியன் கம்பெனியில் நூலின் நிறம் முதல் டீக்கடை வரை நாச்சிமுத்து சொல்லித்தான் எதுவும் நடக்கும். ஆயுத பூஜையன்று பொரிப் பொட்டலங்கள் கொடுத்து முடித்ததும் எல்லோரையும் நிறுத்தி, சூப்பர்வைசர் அபிராமியைக் காட்டினார். அவள் தென்காசிப் பக்கத்துக்காரி. தைத்த துணியில் பழுது பார்க்கும் செக்கிங்கில் சேர்ந்து மேலே வந்தவள்.

"இனி இந்தப் புள்ள சொல்றதுதானுங்க. என்னைய ஆரும் கூப்புட வேண்டாம்."

"நீங்க எங்களக் கூப்பிடாம இருப்பியளா, அண்ணாச்சி?" என்றாள் அபிராமி.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

கூப்பிடவில்லைதான். ஆனால் திருட்டுக்குப் பயந்து கம்பெனியில் மாட்டிய கேமரா அவர் செல்போனில் தெரிந்தது. சோற்றுத் தட்டின் பக்கத்தில் அதைச் சாய்த்து வைத்துக்கொண்டார்.

"மாத்திரைய முழுங்கிப்போட்டு அந்தக் கருமத்தப் பாருங்க" என்றாள் மனைவி முத்தாயி.

ஒருநாள் மதியம் கட்டிங் மேசையில் துணி விரிந்து கிடந்தது. வெட்டுவாரில்லை. சாயம் போட்டு வந்த பின்னல் துணி இழுபட்டிருக்கும்; பிரித்துப்போட்டு ஓர் இரவாவது ஆறவிட வேண்டும், இல்லையென்றால் துவைத்ததும் சுருங்கும். அபிராமிக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ஆனாலும் சும்மா கிடக்கும் மேசையைப் பார்க்கப் பார்க்க அவருக்கு உடம்பு கொதித்தது. கட்டிங் மாஸ்டர் முனீஸை செல்போனில் அழைத்தார்.

"ஏன்டா, மேசை தூங்குது?"

"அக்கா நாளைக்கு வெட்டலாம்னு சொன்னாங்க முதலாளி. வெளிய போயிருக்காங்க, ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"கம்பெனி ஆருது?"

முனீஸ் மெஷினை ஓடவிட்டான். அபிராமி திரும்பி வந்தபோது வெட்டிய துண்டுகள் அடுக்கப்பட்டிருந்தன.

தைத்த சட்டைகளைத் துவைத்துப் பார்த்தபோது ஒவ்வொன்றும் ஒரு சைஸ் சுருங்கியிருந்தது. ஆர்டர் கொடுத்த எக்ஸ்போர்ட்காரர் நாச்சிமுத்துவையும் அபிராமியையும் வரச்சொன்னார். "வெட்டச் சொன்னது யாரு?"

அபிராமி நாச்சிமுத்துவைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"நான் ஊட்டுல படுத்துக் கெடந்தனுங்க. எல்லாம் புள்ளைகிட்டத்தான் உட்டிருந்தேன்."

எக்ஸ்போர்ட்காரர் அவளைத் திட்டினார். படியிறங்கும்போது அவள் கேட்டாள்.

"ஏச்சு வாங்கத்தான் ஒரு ஆளு வேணும்னா முதல்லயே சொல்லிருக்கலாம்லா, அண்ணாச்சி?"

"இல்ல கண்ணு, ஆர்டர் போயிருமேன்னு..."

"ஆர்டர் இருக்கும். நா இருக்க மாட்டேன்."

சனிக்கிழமைச் சம்பளத்தோடு போய்விட்டாள்.

முனீஸை சூப்பர்வைசராக்கினார். இம்முறை மனதாரத்தான் பொறுப்பை விட்டார். செல்போனில் கேமராவைத் திறப்பதையும் நிறுத்தினார். ஆனால் முனீஸ் அழைத்தபடியே இருந்தான். ஊசி மாற்றட்டுமா, துணி வெட்டட்டுமா, பீகார்ப் பையனுக்கு அரைநாள் லீவு விடட்டுமா.

"நீயே பாத்துக்கடா."

"நீங்க சொல்லிருங்க முதலாளி."

"சொல்றனல்ல, உன் இஷ்டம்னு!"

"வாயால சொன்னா பத்தாது முதலாளி. வாட்ஸ்அப்ல உங்க குரல்ல பேசி அனுப்பிருங்க. நாளைக்கு யாரும் கேட்டா போட்டுக் காட்டணும்ல."

அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தார். துணியை வெட்டட்டுமா என்று முனீஸ் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான். நர்ஸ் பெயர் சொல்லி அழைத்தாள். ஒரு கையை உயர்த்தி அவளை நிற்கச் சொல்லிவிட்டு, செல்போனை வாயருகே கொண்டுபோனார்.

"நாச்சிமுத்து பேசறேன். வெட்டு."