அசையாத பிள்ளைகள்

மெல்பேர்ணுக்கு மேற்கே, ஒரு நகரசபை நூலகத்தின் நிலக்கீழ் அறையில் பதினொரு மாதங்கள் வேலை செய்தேன். விக்டோரியா மகாராணியின் காலத்தில் அந்தப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஸ்டூடியோ வைத்து ஆட்களைப் படம் பிடித்த ஒருவரின் கண்ணாடி நெகட்டிவ்கள் அங்கே நான்கு மரப்பெட்டிகளில் இருந்தன. பழைய கடை ஒன்றை இடித்தபோது தரைப்பலகைகளுக்குக் கீழே கிடைத்தவை. அவற்றைத் தூசு போக்கி, ஸ்கேன் செய்து, படத்தில் இருப்பது யார் என்று கணினியில் பதிய வேண்டும். அறைக்கு யன்னல் கிடையாது. காலையில் உள்ளே போனால் வெளியே மழையா வெயிலா என்பது மத்தியானச் சாப்பாட்டுக்கு மேலே ஏறும்போதுதான் தெரியும்.

என் மேலதிகாரி ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஆவுஸ்திரேலியப் பெண். முதல் நாளே என்னைக் கதிரையில் இருத்திவைத்துப் பேசினார். பெட்டிகளில் இறந்த குழந்தைகளின் படங்களும் இருக்கின்றன, பிள்ளை உயிரோடு இருந்தபோது படம் எடுக்க வாய்க்காத பெற்றோர் செத்த பிறகாவது ஒன்று எடுத்து வைத்துக்கொள்வது அந்தக் காலத்து வழக்கம், உனக்குக் கஷ்டமாக இருந்தால் அவற்றை நானே செய்கிறேன் என்றார்.

பரவாயில்லை, நான் செய்கிறேன் என்றேன். இரண்டு வருடங்களுக்கு முன் எட்டாம் மாதத்தில் என் மகன் வயிற்றுக்குள்ளேயே இறந்து பிறந்ததை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலை கை நழுவிவிடும் என்று பயந்தேன். வீட்டில் சும்மா இருந்து இருந்து எனக்குச் சுவர்களோடு பேசும் நிலை வந்திருந்தது.

பிள்ளை பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் தாதி எங்களிடம் ஒன்று கேட்டாள். இப்படி இறந்து பிறக்கும் பிள்ளைகளைப் படம் எடுத்துத் தருவதற்கென்றே மனமுவந்து வருகிற ஒரு படப்பிடிப்பாளர் இருக்கிறார், கூப்பிடட்டுமா என்று. நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மருந்து மயக்கத்தில் நானும் பேசாமல் கிடந்தேன். தொட்டிலைக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை.

நிலக்கீழ் அறையில் நான் தெரிந்துகொண்ட முதல் விடயம், அந்தக் காலத்துக் கேமராவுக்கு முன்னால் சில விநாடிகள் அசையாமல் இருக்கவேண்டும் என்பது. பெரியவர்களின் பின்னந்தலையை ஓர் இரும்புத் தாங்கி பிடித்துக்கொண்டிருக்கும். குழந்தைகள் எங்கே அடங்கி இருப்பார்கள்? தாயைக் கதிரையில் இருத்தி, அவள் படத்தில் தெரியாதபடி துணியால் முழுதாக மூடி, மடியில் குழந்தையை வைத்து எடுத்திருந்தார் அந்த ஸ்டூடியோக்காரர். அப்படியும் ஒரு கையோ முகமோ புகைபோலக் கலங்கிவிடும். உயிரோடு இருந்த பிள்ளைகள் எல்லாரும் கொஞ்சமாவது கலங்கித்தான் இருந்தார்கள். இறந்த பிள்ளைகள் மட்டும் இமை மயிர் தெரியத் தெளிவாக இருந்தார்கள்.

பெட்டிகளோடு ஒரு குறிப்புப் புத்தகமும் கிடைத்திருந்தது. ஒவ்வொரு கண்ணாடித் தகட்டின் ஓரத்திலும் கீறிய எண்ணும், எதிரே படத்தில் இருப்பவரின் பெயரும் அதில் இருந்தன. அதை வைத்தும் பழைய பத்திரிகைகளைத் தேடியும் அந்த ஸ்டூடியோக்காரரின் வாழ்க்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவர். தங்கம் தோண்டப் போய் ஒன்றும் கிடைக்காமல் தொழிலை மாற்றியவர். குதிரைச் சேணம் தைக்கும் கடையின் மேல்மாடியில், கூரையின் தெற்குப் பக்கத்தைக் கண்ணாடியாக மாற்றி ஸ்டூடியோ அமைத்திருந்தார். சுடாத வெளிச்சம் இந்த நாட்டில் தெற்கிலிருந்துதான் வரும். நெகட்டிவ்களில் முகச் சுருக்கங்களைக் கூர்ப் பென்சிலால் திருத்துவது மனைவியின் வேலை. அவர்களுக்கு மூன்று பிள்ளைகள்.

ஒரு கோடைக்காலத்தில் அந்த ஊரில் தொண்டை அடைப்பான் என்ற டிப்தீரியா நோய் பரவியது. குறிப்புப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக, பெயர்களுக்குப் பக்கத்தில் ‘குழந்தை, இறந்தது’ என்று அதே நிதானமான கையெழுத்து. அந்த வரிசையின் நடுவே, ஒரே கிழமைக்குள் வந்த இரண்டு எண்களுக்கு எதிரே பெயர் இல்லை. ‘எங்களுடையது’ என்று மட்டும் எழுதியிருந்தது. இரண்டு தரமும்.

அன்று பிற்பகல் அந்தத் தகடுகளைத் தேடினேன். ஒன்று உடைந்து பாதிதான் இருந்தது. மற்றதைக் கீழிருந்து வெளிச்சம் வரும் ஒளிமேசையில் வைத்தேன். நெகட்டிவ்வில் எல்லாம் மாறித் தெரியும். வெள்ளைக்காரப் பிள்ளையின் முகம் கறுப்பாக இருக்கும். மூன்று வயது மதிக்கத்தக்க பெண்பிள்ளை. கறுத்த சின்ன முகமும் மூடிய கண்களுமாக அந்த வெளிச்சத்தின் மேல் கிடந்தாள். என் மகனின் நிறம். கையுறையைக் கழற்றாமலே கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

பத்திரிகையில் அவரைப் பற்றி மேலும் ஒரு செய்தி கிடைத்தது. பிள்ளைகளைப் புதைத்துச் சில மாதங்களுக்குப் பின், ஒரு விவசாயி இறந்த கைக்குழந்தையை வண்டியில் வைத்து வெகு தூரத்திலிருந்து கொண்டுவந்திருக்கிறான். இவர் கதவைத் திறக்கவில்லை. இனிமேல் இறந்தவர்களை எடுப்பதில்லை என்று உள்ளே இருந்தே சொல்லியிருக்கிறார். விவசாயி கதவை உதைத்துத் திறந்து அவரை அடித்துவிட்டான். நீதிபதி இருவரையும் கண்டித்து அனுப்பிவிட்டார். அதற்கு அடுத்த வருடம் ஸ்டூடியோவைப் பூட்டி, நெகட்டிவ்களில் பெரும்பகுதியைத் தோட்டக்காரர் ஒருவருக்குக் கண்ணாடிக் கூடாரம் போடக் கொடுத்துவிட்டார். படங்களைச் சுரண்டிக் கழுவிவிட்டுத் தக்காளிக்குக் கூரையாக்கினார்கள். கடைசியில் ஓர் ஆதரவற்றோர் இல்லத்தில் இறந்திருக்கிறார். மனைவி என்ன ஆனாள் என்று தெரியவில்லை.

அந்த விவசாயியின் மனைவியைத்தான் நான் நினைத்துக்கொண்டேயிருந்தேன். படம் எடுக்காமலே திரும்பிய வண்டியில் அவளும் இருந்தாளா? படப்பிடிப்பாளர் மீது எனக்கு ஆத்திரம் பொங்கியது. ரயிலில் வீட்டுக்குப் போகும் வழியில், அந்த ஆத்திரம் அவர் மேல் இல்லை என்று எனக்கே விளங்கியது.

அடுத்த சனிக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கணவர் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று கேட்டேன்.

“படம் எடுக்கிறதுக்கு ஆள் வரட்டோ எண்டு அண்டைக்குக் கேட்டவை. நீங்கள் ஏன் வேண்டாமெண்டு சொன்னனீங்கள்?”

அவர் தண்ணீரை நிறுத்தவில்லை.

“இப்ப ஏன் அதைக் கேக்கிறீர்?”

“என்னட்டை ஒண்டுமே இல்லை. அவன்ரை முகம் எனக்கு மறந்துகொண்டு போகுது.”

குழாயை மூடினார். பிறகு சொன்னார்.

“நான் எடுத்தனான்.”

“என்ன?”

“ஃபோனிலை. நீர் நித்திரை. ஆரோ தெரியாத ஆள் வந்து எடுக்கக்கூடாது எண்டு நினைச்சன். நானே ஒண்டு எடுத்தனான்.”

“எங்கை? காட்டுங்கோ.”

“இல்லை. அழிச்சுப்போட்டன்.”

அவர் விமானநிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கில், பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர். வேலைக்குத் திரும்பிய பிறகு, இடைவேளை கிடைக்கும் போதெல்லாம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு இடைவேளை இல்லாத நேரத்திலும் பார்க்கத் தொடங்கினாராம்.

“ஒருநாள் ஃபோனைப் பாத்துக்கொண்டு வண்டியைப் பின்னுக்கு எடுத்திட்டன். பின்னாலை ஒரு மனுசன் நிண்டது தெரியேல்லை. ஒரு சாண் இடைவெளியிலை தப்பினவன். அவனுக்கும் சின்னப் பிள்ளையள் இருக்கு. அண்டைக்கே அழிச்சனான். உம்மட்டைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை.”

“என்னட்டை ஒருக்கால் காட்டிப்போட்டு அழிச்சிருக்கலாமே.”

“ஓம்” என்றார். ஈரக் கையோடு அப்படியே நின்றார்.

அந்த ஃபோனையும் அதற்குள் கடையில் கொடுத்துப் புதிது மாற்றியிருந்தார். நான் கடைக்குப் போய்க் கேட்டுப் பார்த்தேன். அங்கே இருந்த பெண்ணுக்கு நான் எதைத் தேடுகிறேன் என்று சொல்ல முடியவில்லை. ‘குடும்பப் படங்கள்’ என்றேன். அவள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். மூன்று கிழமைகள் நான் கணவரோடு தேவைக்கு மட்டும் பேசினேன். ஞாயிறு பூசைக்குப் போனோம், வந்தோம். என் முழங்கை அவரில் படாதபடி இருந்தேன்.

வேலை முடியும் கடைசிக் கிழமையில் மேலதிகாரி பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்தார். ‘எங்களுடையது’ என்றிருக்கும் இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் பெயர் கிடைக்கவில்லையா என்று கேட்டார். தேவாலயப் பதிவுகளில் தேடலாம், ஆனால் ஒப்பந்தம் இந்தக் கிழமையோடு முடிகிறது என்றேன். அப்போதுதான் என் மகனைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, முதல் நாளே நான் கேட்டேனே என்றார். ஓம், கேட்டீர்கள் என்றேன்.

பிறகு ஒரு நாள், வீட்டில், அழித்துவிட்ட அந்தப் படத்தில் என்ன இருந்தது என்று சொல்லச் சொல்லிக் கணவரிடம் கேட்டேன். சொன்னார். போர்வைக்கு வெளியே இடது கை. விரல்கள் மடிந்திருந்தன. என்னுடைய நாடி, அதே மோவாய், அவனுக்கும். தலையில் ஆஸ்பத்திரியில் போட்ட வெள்ளைத் தொப்பி.

“மஞ்சள்” என்றேன்.

“இல்லை, வெள்ளை.”

நான் என் கையால் தொட்ட தொப்பி அது. மஞ்சள்தான். அவர் அத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்த படத்தில் அது வெள்ளை. இப்போதும் இருவரும் அதையேதான் சொல்கிறோம். யார் சொல்வது சரி என்று பார்க்க எங்களிடம் எதுவும் இல்லை.